எலி எண்ணிக்கொண்டிருந்தது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பொடிசும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் தலையணை வைத்து உட்காரச் சொன்னேனே, வைத்தாயா, இல்லை அதையும் காதில் வாங்கவில்லையா?

நலம் விசாரித்தாயிற்று. இனி திட்டுகிறேன். ஏழு வயதுப் பிள்ளை தன் பெரியம்மாவுக்கு ஆசையாக ஒரு கதை எழுதி அனுப்பினால், அதில் பதினேழு இடத்தில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவாயா? அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்றால் கண்ணில் படுவதெல்லாம் பிழைதானா? தாளைப் பிரித்ததும் பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. நாலு நாள் பென்சிலைத் தொடவில்லை.

எங்கள் வீட்டில் கதை எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சலவைக்கடையில் மீந்துபோன ரசீதுப் புத்தகங்களைக் கொண்டுவருவேன். நான் அடுப்பைக் கவனிக்கும்போது அவள் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ரசீதின் பின்பக்கத்தில் எழுதுவாள். எழுதியதைப் படித்துக் காட்டுவாள். நான் எதையும் திருத்த மாட்டேன். இது நிஜமா என்று கேட்கவே மாட்டேன், கேட்டால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் மாதிரி விழிப்பாள். "அப்புறம்?" என்று மட்டும்தான் கேட்பேன். முதலில் புலி என்று எழுதவே பயந்தாள், எழுதினால் வந்துவிடுமாம். "கதையில எழுதினா எதுவும் நெஜமாகாதுடி, தைரியமா எழுது" என்றேன். உன்னால் விட்ட அந்த நாலு நாளைத் தவிர, அன்றைக்கு எடுத்த பென்சிலை இன்னும் கீழே வைக்கவில்லை. அவள் அப்பா போன இந்த மூன்று வருஷத்தில் பிள்ளை இவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

புதுக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவைப் பூட்டி வைத்துவிட்டுப் படி.

உன் தங்கை

*ஒரு ஊர்ல ஒரு ராணி இருந்தா. அவ நல்லா சிரிப்பா. ஆனா சில சமயம் சிலையா ஆயிடுவா. கண்ணு தொறந்தே இருக்கும். ராணி கூட ஒரு எலி இருந்துச்சு. ராணி சிலையானா எலி எண்ணும். பதினொண்ணு எண்ணினா ராணி திரும்பி வந்துடுவா. ராணிக்கு எதுவும் தெரியாது. எலிக்கு மட்டும் தெரியும்.*


ஜூன் 20

என் வாயாடித் தங்கைக்கு,

நான் நலம். தலையணை வைத்தேன். முதுகு பரவாயில்லை, இப்போது தலையணைதான் வளைந்துவிட்டது. நீயும் பொடிசும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தப்பு என்னுடையதுதான். பத்தொன்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே, அந்தச் சீட்டுகள்தான் எங்களுக்கு அதிகம் வருகின்றன. 'ஒரு மாத்திரை' என்பது 'இரு மாத்திரை' என்று அச்சானால் ஆள் போய்விடும். அந்தப் பழக்கத்தில் பிள்ளையின் கதையையும் வெட்டிவிட்டேன். பெரியம்மா காதைப் பிடித்துக்கொண்டாள் என்று அவளிடம் சொல்.

சிலை ராணியை எனக்குப் பிடித்திருக்கிறது. எலியை அவளைவிடப் பிடித்திருக்கிறது. திருத்த மாட்டேன், நிஜமா என்று கேட்கவும் மாட்டேன். உன் வீட்டுச் சட்டப்படியே கேட்கிறேன்: அப்புறம்?

அன்புடன், அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கே மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தார்கள் உன் பக்கத்து வீட்டுக்காரர்கள். குடையை அலமாரியில் வைத்துப் பாதுகாக்காமல் வெளியே எடு.

"அப்புறம்?" என்று நீ கேட்டதைப் படித்துக் காட்டியதும் பொடிசு தலைகால் புரியாமல் குதித்தாள். ஒரே மூச்சில் இரண்டாவது கதையை எழுதிவிட்டாள். கதையோடு கணக்கும் வருகிறது தெரியுமா? எந்நேரமும் எதையாவது முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். என்னை ஒட்டிக்கொண்டே திரிகிறாள், நான் பாத்திரம் கழுவினாலும் பக்கத்தில் நின்று முகத்தையே பார்க்கிறாள். கதை எழுதுகிறவர்கள் அப்படித்தான் ஆட்களைக் கவனிப்பார்களாம்.

எனக்குத்தான் இந்த மாதம் நேரம் சரியில்லை. பதினோரு வருஷமாக இஸ்திரி போடுகிறேன், ஒரு நூல் கருகியதில்லை. போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் பெட்டி வைத்த அச்சு அப்படியே விழுந்துவிட்டது. புகை வந்த பிறகுதான் கவனித்தேன். முதலாளியம்மா நல்லவர், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார். வீட்டில் பாலும் இரண்டு தடவை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நின்றுகொண்டேதான் இருந்தேன், எப்படித்தான் பொங்கியதோ.

உன் தங்கை

*ராணி பால் காய்ச்சினா. பால் மேல வந்துச்சு. ராணி சிலையா நின்னா. எலி அடுப்பை அணைக்கப் பாத்துச்சு. எலிக்கு எட்டல. அதுனால எண்ணுச்சு. இருபத்தாறு. ராணி வந்து, அய்யோ பால் பொங்கிடுச்சேன்னா. எலி ராணிகிட்ட சொல்லல. சொன்னா ராணி சிலையாவே இருந்துடுவா.*


ஜூலை 15

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். குடையை எடுத்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? இதை வழக்கமாகக் கேட்கிற கேள்வியாக எடுத்துக்கொள்ளாதே. நன்றாகத் தூங்குகிறாயா? தலை கனக்கிறதா? எதையாவது கையில் எடுத்துவிட்டு எதற்கு எடுத்தோம் என்று நிற்கிறாயா?

கதை நன்றாக இருந்தது. எலி பாவம். அடுப்பு எட்டாத அந்த எலியை நினைத்தபடியே இரண்டு நாளாக வேலை பார்க்கிறேன். அவள் எண்ணுகிறாள் என்று எழுதியிருந்தாயே, எப்போதெல்லாம் எண்ணுகிறாள் என்று கவனித்துப் பாரேன். சும்மாதான் கேட்கிறேன்.

இன்னும் ஏதோ எழுத வந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை பிள்ளையின் கதையில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன், வேண்டாம். சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சுகம்தான். என் வலது முட்டியில் மட்டும் ஒரு கட்டு.

பதறாதே. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கட்டடம் எழுப்புகிறார்கள். தெருவோரம் மணலைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்த பொடிசு சும்மா இருக்காமல் ஹாண்டிலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். வண்டி நேராக மணலில் போய்ச் சொருகிக்கொண்டது. எதிரே ஒரு லாரி வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுத்தெரு என்றும் பார்க்காமல் முதுகில் இரண்டு வைத்தேன். பிள்ளை அழவில்லை அக்கா. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஏழு வருஷத்தில் அவளை நான் அடித்தது அதுதான் முதல் தடவை, இன்னும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

அன்று சாயந்திரம் எழுதிய கதையைப் படித்துக் காட்ட மாட்டேன் என்றாள். பெரியம்மாவுக்கு மட்டும்தானாம். ஒட்டித் தந்தாள், அப்படியே இதோடு வைத்திருக்கிறேன், நான் பிரிக்கவில்லை.

உன் தங்கை

*ராணி குதிரையில போனா. எலி முன்னாடி நின்னுச்சு. ராணி சிலையாயிட்டா. குதிரை நிக்கல. பெரிய யானை எதிர்ல வந்துச்சு. எலி எண்ணுச்சு, ஆனா எண்ண நேரம் இல்ல. எலி கடிவாளத்தை இழுத்துச்சு. குதிரை மணல்ல விழுந்துச்சு. ராணி வந்ததும் எலியை அடிச்சா. பரவால்ல. ராணி வந்துட்டா.*


ஆகஸ்ட் 17

தங்கைக்கு,

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து ஸ்கூட்டரைத் தொடாதே. மற்றதைப் பிறகு படி.

உன் வீட்டுச் சட்டத்தை மீறுகிறேன். இது நிஜமா? பொடிசின் கதையை உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பால் இரண்டிலும் பொங்குகிறது. மணல் இரண்டிலும் இருக்கிறது. கதையில் உள்ள ஒன்று மட்டும் உன் கடிதத்தில் இல்லை. அதைத்தான் உன்னால் எழுத முடியாது, அந்த நேரத்தில் நீ அங்கே இல்லை.

போன வருஷம் ஒரு வலிப்பு மருந்தின் சீட்டை ஆறு தடவை திருத்தினேன். எல்லா வலிப்பிலும் கைகால் உதறாதாம். சிலருக்குக் கண் திறந்தபடியே சில நொடி நினைவு மட்டும் போய்விடுமாம். திரும்பி வந்தால் போனதே தெரியாதாம். நான் வைத்தியர் இல்லை, என் எண்ணம் தப்பாகவே இருக்கட்டும், சந்தோஷப்படுவேன். ஆனால் அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். அவளை நீ அடித்தாய். அவள் அன்றைக்கு உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கிறாள்.

மருத்துவரிடம் போ. பொடிசையும் கூட்டிக்கொண்டு போ, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரிந்த ஆள் அவள்தான்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மருந்துச் சீட்டாகப் படித்துப் படித்து உனக்கு ஊரில் இருக்கிற எல்லோரும் நோயாளியாகத் தெரிகிறார்கள். முதலில் எழுத்தில் பிழை பார்த்தாய், இப்போது என் தலைக்குள்ளேயே பார்க்கிறாய். நான் ஒருத்தியே சம்பாதித்து, ஒருத்தியே சமைத்து, ஒருத்தியே பிள்ளை வளர்க்கிறேன். அதில் பால் பொங்காமல் என்ன செய்யும்? பிள்ளை கண்ணில் படுவதை வைத்துக் கதை கட்டுகிறாள், அதைத்தானே கதை என்கிறோம்?

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். இப்போதுதான் வாய் திறந்திருக்கிற பிள்ளை. நிஜமா பொய்யா என்று நான் விசாரிக்க ஆரம்பித்தால் மறுபடி ஊமையாகிவிடுவாள்.

ஸ்கூட்டர் சாவியைக் காணோம். மூன்று நாளாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நடந்துதான் போகிறோம்.

கதைகளை இனி அனுப்புவதாக இல்லை.

தங்கை


செப்டம்பர் 2

என் தங்கைக்கு,

இன்று காலை உன் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போன் செய்தேன். நீ வந்து பேசினாய். நாம் பேசியதை உனக்குத் தெரிந்தபடி நீ நினைவில் வைத்திருப்பாய். நான் கேட்டதை எழுதுகிறேன். இந்த ஒரு தாளை மட்டும் கோபமில்லாமல் படி, கை கூப்பிக் கேட்கிறேன்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்க்கா, நீ சும்மா பயந்துட்டு" என்றாய். அத்தோடு நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. கடையில் யாரோ பென்சில் கேட்பது கேட்டது. உன் மூச்சு கேட்டது. எதையோ மெல்லுகிற மாதிரி உன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு உன் பக்கத்தில் ஒரு சின்னக் குரல், மிக மெதுவாக, "பன்னெண்டு, பதிமூணு, பதினாலு" என்றது.

நான் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். பொடிசைக் கூப்பிட்டேன். அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். முப்பதுக்கு மேல் அவள் குரல் நடுங்கியது. நாற்பதுக்கு மேல் அழுகிறாள் என்று தெரிந்தது, ஆனால் ஒரு எண்ணைக்கூட விடவில்லை. நாற்பத்தேழில் நீ திரும்பி வந்தாய். "லைன் சரியில்ல போல, நான் சொன்னது கேட்டுச்சா?" என்றாய்.

கேட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அச்சகத்தில் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் ஊர்ப்பக்கம் காகிதம் ஏற்ற வரும் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், நாளைக்கே உன் கையில் கிடைக்கும். லீவு சொல்லிவிட்டேன், சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அதுவரை இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே. சாவி எங்கே என்று பிள்ளையிடம் கேட்காதே. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்தது. பத்து நாள் எங்களோடு ஓடி ஓடி உன் முதுகு என்ன ஆயிற்றோ.

வலிப்பு மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். மருத்துவர் சொன்னபடி அடுப்புப் பக்கம் தனியாக நிற்பதில்லை, பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூட நிற்கிறாள். கடையில் முதலாளியம்மா என்னைத் துணி மடித்து அடையாளச் சீட்டு கட்டுகிற மேசைக்கு மாற்றிவிட்டார். எல்லாம் சரியாகத்தான் போகிறது. ஆனால் பயமாக இருக்கிறது அக்கா. முன்பு தெரியாததால் பயமில்லை. இப்போது ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நான் எங்கே போய் வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தடவை திரும்பி வராமல் போனால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

நீ போன பிறகு பொடிசு ஒரு வரிகூட எழுதவில்லை. நேற்று அவளுக்குத் தலை பின்னும்போது, என் முகம் அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில், கேட்டுவிட்டேன். இத்தனை நாளாக ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்றேன்.

பின்னலுக்கு ரிப்பன் கட்டும்போது சொன்னாள். "அப்பா எழுந்திருக்கலன்னு உன்கிட்ட வந்து சொன்னேன்ல. அப்புறம் அப்பா இல்லாமப் போயிட்டார். சொல்லாம இருந்திருந்தா இருந்திருப்பார்."

அப்படியானால் கதையில் மட்டும் ஏன் எழுதினாய் என்று கேட்டேன்.

"கதையில எழுதினா எதுவும் நெஜமாகாதுன்னு நீதானே சொன்னே" என்றாள்.

நாலு வயதில் சமையலறை வாசலில் வந்து நின்று, அப்பா எழுந்திருக்க மாட்டேங்கிறார் என்று சொன்ன பிள்ளை. நான் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாசலில் அவள் மூன்று வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள், நான் அப்புறம் அப்புறம் என்று கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உன் பாவம் பதினேழு சுழி. என் பாவத்துக்குக் கணக்கு இல்லை.

என்ன சொல்லி அவளை நம்ப வைப்பேன்? எழுது.

உன் தங்கை


அக்டோபர் 5

என் தங்கைக்கு,

நலம். முதுகும் நலம். உன் கடிதத்தை அச்சகத்தில் படிக்க முடியவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

நீ ஒரு பாவமும் செய்யவில்லை. நீ தரையில் ரசீதுப் புத்தகத்தைப் போட்டிராவிட்டால் அந்தப் பிள்ளை இதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கும்? அவள் எழுதினாள், நீ தபாலில் சேர்த்தாய், நான் படித்தேன். அதனால்தான் நீ இன்றைக்கு இருக்கிறாய்.

சொல்லி நம்ப வைக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும், சொன்ன பிறகும் நீ இருக்க வேண்டும். நீ திரும்பி வந்தபின் "எவ்வளவு?" என்று மட்டும் கேள். வற்புறுத்தாதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

கதை வேண்டாம், முடிந்தால் ஒரு கடிதம் போடச் சொல். பெரியம்மா காத்திருக்கிறாள் என்று சொல்.

அக்கா


அக்டோபர் 19

பெரியம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா. இது கதை இல்ல.

இன்னிக்கு காலைல அம்மா எனக்கு சாக்ஸ் போட்டாங்க. ஒரு கால் போட்டுட்டு அப்படியே இருந்தாங்க. நான் எண்ணினேன். ஒம்பது. அம்மா வந்து என் முகத்தைப் பாத்துட்டு எவ்வளவுன்னு கேட்டாங்க. நான் சொல்லல. அம்மா திரும்பக் கேக்கல. இன்னொரு சாக்ஸ் போட்டாங்க. அப்புறம் ஷூ மாட்டும்போது நான் சொல்லிட்டேன். ஒம்பதுன்னு சொன்னேன். அம்மா சரிடான்னு சொல்லி நோட்டுல எழுதி வச்சாங்க, டாக்டர்கிட்ட காட்டணுமாம்.

ஸ்கூல்ல எனக்கு வயிறு வலிச்சுது. டீச்சர் என்னாச்சுன்னாங்க. ஒண்ணும் இல்லன்னேன். நான் ஏன் சொன்னேன் ஏன் சொன்னேன்னு இருந்துச்சு. சாப்பாடு சாப்பிடல. மணி அடிச்சதும் பக்கத்து வீட்டு அக்கா கையை விட்டுட்டு ஓடி வந்தேன். அக்கா கத்தினாங்க. நான் நிக்கல.

எங்க தெரு திரும்பினதும் பாத்தேன். அம்மா வாசல்ல நின்னாங்க. அசையாம நின்னாங்க. நான் ஒண்ணுன்னு சொல்ல வாய் தொறந்தேன்.

அம்மா கை ஆட்டினாங்க.

இப்படிக்கு,
பொடிசு